சுவருக்குச் சந்தன நிறம்

"வீட்டுக்குப் பெயின்ற் அடிக்கப் போகின்றோம். கண்ணை உறுத்தாமல், எந்தத் தளபாடத்துக்கும் பொருந்துகிற மாதிரி ஒரு நல்ல நிறம் சொல்லுங்கள்." இந்தப் பக்கத்தை எழுதத் தொடங்கிய நாளிலிருந்து சகோதரிகள் என்னிடம் அதிகம் கேட்டது இதைத்தான். கேட்பவர்களில் முக்கால்வாசிப் பேருடைய மனதில் விடையும் ஏற்கனவே இருக்கும். தந்த நிறம், கிறீம், சந்தனம், மணல் நிறம், பால் தேநீரின் நிறம். இவற்றில் ஒன்றை நான் சொல்லிவிட்டால் போதும், திருப்தியாகப் போய்விடுவார்கள்.

முன்பெல்லாம் நானும் உடனே சொல்லிவிடுவேன். இப்போது சொல்வதில்லை. அதற்குக் காரணம் கிளிநொச்சியில் இருக்கும் என் தங்கையின் வீடு.

2009இல் முகாமில் தறப்பாளுக்குக் கீழே இருந்து, 2011இல் சொந்தக் காணிக்குத் திரும்பி, தகரக் கொட்டிலில் இரண்டு வருடம் கழித்து, 2013இல்தான் அவளுக்குக் கல்வீடு முடிந்தது. முடிந்தது என்றால் சுவரும் கூரையும். உள்ளே வெறும் சீமெந்துப் பூச்சு. சாம்பல் நிறத்தில் ஆறு வருடம் அப்படியே கிடந்தது. "அக்கா, பகலிலும் மழை இருட்டுப் போல இருக்குது" என்பாள். சீட்டுக் கட்டி, 2019இல் அந்தக் காசு கைக்கு வந்ததும் வேறு எதற்கும் தொடாமல் பெயின்ற் வாங்குவதற்கென்று யாழ்ப்பாணம் வந்தாள். கடையில் நிற அட்டையைப் பார்த்து, இளஞ்சந்தன நிறம் ஒன்றைத் தெரிவு செய்து கொடுத்தவள் நான். ரியூப் லைற் வெளிச்சத்தில், பெருவிரல் நகமளவு சதுரத்தைப் பார்த்து, ஐந்து நிமிடத்தில்.

அடித்து முடித்த பிறகு போய்ப் பார்த்தேன். ஹோல் முழுவதும் இளஞ்சிவப்பு. தோலில் பூசும் கலமைன் மருந்தை ஊற்றியது போல. இரவில் லைற்றைப் போட்டால் அதே சுவர் சாம்பல் பூத்து நின்றது. தங்கை ஒன்றும் சொல்லவில்லை. "நல்லாத்தான் இருக்குது" என்று தேத்தண்ணி ஊற்றப் போய்விட்டாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

கடைக்காரர் ஏமாற்றவில்லை, பெயின்ற்றும் பிழையில்லை. அட்டையில் இருந்த நிறந்தான் ரின்னிலும் இருந்தது. நான் பார்க்கத் தவறியது அவளுடைய முற்றத்தை. மழைக்குச் சேறாகாமல் இருக்க வாசலில் செந்நிறக் கிரவல் கொட்டிப் பரப்பியிருந்தார்கள். பத்து மணி வெயில் அந்தக் கிரவலில் பட்டு, அதன் சிவப்பை அள்ளிக்கொண்டு யன்னலால் உள்ளே வந்து சுவரில் விழுந்தது. தரையும் சிவப்புச் சீமெந்து. நான் தெரிவு செய்த சந்தனத்திலோ ஏற்கனவே ஒரு துளி சிவப்பு கலந்திருந்தது. மூன்று சிவப்பும் சேர்ந்தால் வேறென்ன ஆகும்?

வெள்ளையும் இல்லாமல், நிறம் என்று சொல்லவும் முடியாமல் நடுவில் நிற்கும் இந்த மெல்லிய நிறங்களின் குணமே இதுதான். கடும்பச்சைச் சுவர் எங்கே வைத்தாலும் பச்சைதான். கிறீமுக்குச் சொந்தப் பலம் குறைவு. பக்கத்தில் எது இருக்கின்றதோ, எந்த வெளிச்சம் படுகின்றதோ அதன் பக்கம் சாய்ந்துவிடும். முற்றத்தில் வாழையும் மாவும் அடர்ந்த வீட்டில் இலைப்பச்சை உள்ளே வந்து கிறீமைப் பாசி பிடித்தது போலக் காட்டும். வலிகாமத்துச் செம்மண் முற்றத்தில் அது சிவக்கும். கரையோரத்து வெண்மணல் வீட்டில் வெளிறி, வெள்ளைபோலவே தோன்றும். ஆகவே "அவவின்ரை வீட்டு நிறம் வடிவாயிருக்குது, அதே இலக்கத்தைத் தாங்கோ" என்று வாங்குவதில் எப்போதும் ஓர் ஆபத்து உண்டு. அவருடைய முற்றத்தையும் வாங்க முடியாதல்லவா?

மேல்நாட்டுச் சஞ்சிகைகளைப் பார்த்து நிறம் தெரிவு செய்யும் சகோதரிகளுக்கு இன்னொன்று சொல்ல வேண்டும். வடக்குப் பார்த்த அறை குளிர்ந்தும் இருண்டும் இருக்கும், அதற்கு மஞ்சள் கலந்த நிறம் அடியுங்கள் என்று அவற்றில் எழுதியிருக்கும். இலண்டனில் அது சரி. அங்கே வடக்கு யன்னலுக்கு நேர் வெயில் கிடைப்பது அரிது. எங்களுக்கு அப்படி இல்லை. ஏப்ரல் நடுப்பகுதியில் யாழ்ப்பாணத்தில் சூரியன் நேரே உச்சிக்கு வரும். அதன் பின் ஓகஸ்ட் கடைசி வரை நண்பகலில் சற்று வடக்கே சாய்ந்தே நிற்கும். எங்கள் வீடுகளில் கணக்கெடுக்க வேண்டியது கிழக்கும் மேற்குமே. காலை வெயில் வரும் அறையும் நாலு மணி வெயில் வரும் அறையும் ஒரே நிறத்தில் ஒரே மாதிரி இருக்கப் போவதில்லை. மாலை வெயிலே மஞ்சள். மேற்கு அறைக்கு மஞ்சள் தூக்கலான கிறீம் அடித்தால் பின்னேரங்களில் சுவர் மாம்பழச் சாறு போல ஆகிவிடும்.

இந்த நிறங்களை ஆங்கிலத்தில் சூடான நிறங்கள் என்று அழைக்கின்றார்கள். பங்குனி வெயிலில் வேகின்ற எங்களுக்கு இன்னும் சூடு எதற்கு என்று ஒரு சகோதரி கேட்டார். நியாயமான கேள்விதான். பனிக்குளிரில் இருப்பவர்களுக்கு அந்த நிறம் கதகதப்பான உணர்வைத் தருகின்றது, அதனால் வந்த பெயர் அது. உட்சுவரில் கிறீம் அடிப்பதால் அறை சூடாவதில்லை. எங்களுக்கு அதன் பயன் வேறு. எங்கள் ஊர் வெளிச்சம் கடுமையானது. தூய வெள்ளைச் சுவரில் அது பட்டுத் தெறித்தால் கண் கூசும். வெள்ளையில் ஒரு துளி மஞ்சட்காவி சேர்ந்தால் அந்தக் கூச்சம் அடங்கும், வெளிச்சமும் அதிகம் குறையாது. மணல் நிறம், பிஸ்கட் நிறம் என்று இன்னும் கீழே இறங்கினால் வெளிச்சத்தை விழுங்கத் தொடங்கும். சின்ன யன்னல் உள்ள அறைக்கு அவை வேண்டாம். உட்கூரைக்கு வெள்ளையே போதும்.

மஞ்சட்காவி என்று சொன்னேன். அது புதுக் கண்டுபிடிப்பு அல்ல. எங்கள் பாட்டிமார் தைப்பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது நீற்றிய சுண்ணாம்பில் காவி கலந்ததும், இன்று கடையில் இயந்திரம் வெள்ளைப் பெயின்ற்றுக்குள் சொட்டுச் சொட்டாக விடும் மஞ்சளும் செம்மையும் பெரும்பாலும் ஒரே பொருள்தான். இரும்பின் ஒட்சைட்டு. மண்ணுக்கு நிறம் தருவதும் அதுவே. வெயிலுக்கு அது இலகுவில் மங்காது, சுண்ணாம்பு, சீமெந்து ஆகியவற்றின் காரத்துக்கும் மாறாது. சிகிரியாக் குன்றின் பெண்கள் ஆயிரத்தைந்நூறு வருடமாகத் தம் காவி நிறத்தோடு நிற்கின்றார்கள். ஊதா, பளிச்சென்ற இளஞ்சிவப்பு போன்றவற்றில் பலவற்றை வெயில் சில வருடங்களில் தின்றுவிடும். சந்தன நிறம் பழசாகாமல் இருப்பதற்கு நாகரிகம் மட்டுமல்ல, இதுவும் ஒரு காரணம்.

சரி, எப்படித் தெரிவு செய்வது? அட்டையைக் கடையில் பார்க்காதீர்கள், வீட்டுக்குக் கொண்டு வாருங்கள். நிறச்சதுரத்தின் பக்கத்தில் ஒரு வெள்ளைக் கடதாசியை வையுங்கள். தனியாகப் பார்க்கும்போது ஒன்று போலத் தெரிந்த நாலு கிறீமும் இப்போது பிரிந்து நிற்கும். ஒன்றில் சிவப்பு, ஒன்றில் மஞ்சள், ஒன்றில் பச்சைச் சாயல் தெரியும். உங்கள் தரையும் முற்றமும் சிவப்பென்றால் சிவப்புச் சாயல் உள்ளதைத் தள்ளிவிடுங்கள். பச்சை மரம் அடர்ந்த வீடென்றால் பச்சைச் சாயல் உள்ளதைத் தள்ளுங்கள். மிஞ்சும் இரண்டில் சிறிய அளவு வாங்கி, இரண்டடிச் சதுரமான கெட்டி மட்டையில் இரண்டு கோட் அடித்துக் காய விடுங்கள். சுவரிலேயே அடித்துப் பார்த்தால் பழைய நிறம் பக்கத்தில் நின்று கண்ணைக் குழப்பும். மட்டையென்றால் அறைக்கு அறை கொண்டு போகலாம். காலை, மத்தியானம், பின்னேரம், லைற் போட்ட பிறகு என நாலு வேளையும் பாருங்கள். எமல்சன் ஈரத்தில் இருப்பதைவிடக் காய்ந்த பின் சற்றுக் கடுமையாகும் என்பதையும், நாலு சுவரிலும் அடிக்கும்போது ஒன்றில் ஒன்று தெறித்து நிறம் தடிக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். இரண்டுக்குள் தடுமாறினால் வெளிறியதை எடுங்கள்.

இரவு வெளிச்சம் தனி விடயம். மின்குமிழ்ப் பெட்டியில் 6500 கெல்வின் என்று இருந்தால் அது நீலம் கலந்த வெள்ளை. 2700 அல்லது 3000 என்றால் பழைய குண்டு பல்ப் போல மஞ்சள். தங்கை வீட்டில் இரவில் சுவர் சாம்பல் பூத்ததற்கு 6500தான் காரணம். படிக்கும் மேசைக்கு அது இருக்கட்டும். ஹோலில் மட்டும் இரண்டு குமிழ்களை 3000ஆக மாற்றிப் போட்டோம். நிறத்தை மாற்றாமலே பாதிக் குறை அன்றிரவே தீர்ந்தது. மறுநாள் அவளுடைய கணவர் வாசலில் கிரவலுக்கு மேல் வெண்மணல் பரப்பினார். சுவர் மெல்ல மெல்லச் சந்தனத்துக்குத் திரும்பியது. தரையில் ஒரு பெரிய பனையோலைப் பாய் விரித்ததும் மீதிச் சிவப்பும் அடங்கியது. ஒரு சுவரையும் திரும்ப அடிக்கவில்லை.

இத்தோடு முடிந்திருந்தால் இதை ஒரு வெற்றிக் கதையாக எழுதியிருப்பேன். இரண்டு மாரி கழிந்து 2021 தொடக்கத்தில் போனபோது, சுவரின் அடிப்பகுதி மூன்றடி உயரத்துக்குக் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. விரலால் தொட்டால் பெயின்ற் தோல் போல உரிந்து வந்தது, உள்ளே வெள்ளைப் பூ. உப்பு.

நிலத்து ஈரம் சுவருக்குள் ஏறும்போது கரைந்த உப்பையும் கொண்டு ஏறுகின்றது. ஈரம் காற்றில் போய்விடும், உப்பு சுவரில் தங்கிப் பளிங்காகி, மேலே உள்ள பூச்சைத் தள்ளும். சரியாகக் கழுவாத கடல் மணலில் பூச்சு வேலை செய்திருந்தாலும் இதே கதைதான். அத்திவாரத்துக்கு மேலே ஈரத்தடுப்புப் படை போட்டிருந்தால் நிலத்து ஈரம் ஏறாது. அவசரத்தில் கட்டிய வீடுகள் பலவற்றில் அது சரியாக இருப்பதில்லை. ஆறு வருடமாக வெறும் சீமெந்தாக இருந்தபோது ஈரம் தன்பாட்டில் வெளியேறிக்கொண்டிருந்தது. நாங்கள் பெயின்ற் அடித்து அதன் வாயைக் கட்டிவிட்டோம்.

எனவே நிறம் பார்க்க முன்னர் சுவரைப் பாருங்கள். ஒன்றரை அடிச் சதுரப் பொலித்தீன் துண்டை நாலு பக்கமும் காற்றுப் போகாமல் ரேப்பால் சுவரில் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். கழற்றும்போது உள்ளே நீர்த்துளி கோர்த்திருந்தால் அந்தச் சுவருக்கு இப்போது பெயின்ற் கூடாது. புதிய சீமெந்துப் பூச்சென்றால் குறைந்தது 28 நாள் காய வேண்டும், மாரியில் இன்னும் கூட. புதுச் சீமெந்தின் காரம் பெயின்ற்றைக் கெடுக்கும் என்பதால் காரத்தைத் தாங்கும் அடிப்பூச்சு ஒன்று அடித்த பின்பே நிறம். பணம் போதாவிட்டால் இரண்டாவது அறையை அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போடுங்கள், அடிப்பூச்சைத் தவிர்க்க வேண்டாம். உப்புப் பூத்திருந்தால் தண்ணீர் விட்டுக் கழுவாதீர்கள். கரைந்து மறுபடி உள்ளேதான் போகும். காய்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுத்துக் கூட்டி வெளியே கொட்டுங்கள்.

பழைய யன்னல், கதவுகளில் உள்ள எனாமல் பெயின்ற்றைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டியிருக்கின்றது. முன்னைய எனாமல்களில், அதிலும் மஞ்சள், சிவப்பு வகைகளில், ஈயம் சேர்ந்த நிறமிகள் பாவிக்கப்பட்டன. எங்கள் நாட்டில் பெயின்ற்றில் ஈயத்துக்கான சட்ட வரம்பு 2013 ஜனவரியில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்திய பெயின்ற்றைச் சான்ட்பேப்பரால் உலர உரஞ்சினால் அந்தத் தூசி தரையில் படியும், தவழும் பிள்ளையின் கையால் வாய்க்குப் போகும். ஈயம் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். உரஞ்சத்தான் வேண்டுமென்றால் நனைத்து உரஞ்சுங்கள். பிள்ளைகளையும் கர்ப்பிணிகளையும் அன்றைக்கு வேறு வீட்டுக்கு அனுப்புங்கள். ஈரத்துணியால் இரண்டு தரம் துடைத்த பின்பே உள்ளே விடுங்கள். அஸ்பெஸ்ரஸ் கூரைத் தகட்டை உரஞ்சவே வேண்டாம்.

கணக்கையும் நீங்களே போட்டுப் பாருங்கள். பத்துக்குப் பன்னிரண்டடி அறை, பத்தடி உயரம் என்றால் சுற்றளவு 44 அடி, சுவர் 440 சதுர அடி. ஒரு கதவுக்கும் இரண்டு யன்னலுக்கும் ஐம்பது போனால் 390. இரண்டு கோட்டுக்கு 780. ஒரு லீற்றர் எமல்சன் ஒரு கோட்டுக்கு ஏறத்தாழ 110 சதுர அடி பிடிக்கும் என்று வைத்தால் ஏழு லீற்றருக்குச் சற்று மேலே. நாலு லீற்றர் ரின் இரண்டு போதும். "பத்து லீற்றருக்குக் குறைய வராது அக்கா" என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். கலந்த நிறமென்றால் முழுவதையும் ஒரே நாளில் வாங்கி, ஒரு பெரிய வாளியில் ஒன்றாக ஊற்றிக் கலக்கிய பின் அடிக்கச் சொல்லுங்கள். ரின்னுக்கு ரின் கொஞ்சம் வேறுபட்டால் கிறீமில் அது அப்படியே தெரியும். மூடியில் ஒட்டியுள்ள நிற இலக்கத்தை அப்பியாசக் கொப்பியில் எழுதி வையுங்கள். மிஞ்சியதைக் கொட்டாதீர்கள்.

பளபளப்பு உள்ளதா, இல்லாததா? துடைக்க வசதி என்று பளபளப்பானதையே கடையில் காட்டுவார்கள். எங்கள் மேசன்மார் பூசிய சுவர் பலகை போலத் தட்டையாக இருப்பது குறைவு. பளபளப்பில் ஒவ்வொரு மேடும் பள்ளமும் பின்னேர வெயிலில் எழுந்து நிற்கும். ஹோலுக்கும் அறைக்கும் மங்கலானது, குசினிக்கு மட்டும் துடைக்கக்கூடியது என்பது என் கருத்து. விறகு அடுப்புக்குப் பின்சுவரில் கிறீமைக் கனவு காணாதீர்கள்.

சுவர் அமைதியாக இருந்தால் வீட்டுச் சாமான் பேசும். பழைய வேப்ப மர அலுமாரி, அம்மம்மாவின் கடகம், பித்தளைக் குத்துவிளக்கு எல்லாம் கிறீம் சுவருக்கு முன்னால் புதுசு போலத் தெரியும். திரைச்சீலைக்கு மருதமுனைக் கைத்தறியில் கோடு போட்டது ஒன்று எடுத்தால் போதும், கடும் நிறமாகவே இருக்கட்டும். எல்லாவற்றையும் கிறீமுக்குக் கிறீமாக வாங்கினால் வீடு வைத்தியசாலை வரவேற்பறை போல ஆகிவிடும்.

தங்கை வீட்டுக்கு வருகின்றேன். 2022இல் பெயின்ற் விலை ஏறிய ஏற்றத்தில் திரும்ப அடிப்பதைப் பற்றி யோசிக்கவே முடியவில்லை. அடுத்த வருடம் ஒரு வயதான மேசன் வந்து பார்த்துவிட்டு, "தங்கச்சி, கீழே மூன்றடிக்குப் பெயின்ற் வேண்டாம், சுண்ணாம்பு அடியுங்கோ" என்றாராம். உரிந்ததைச் சுரண்டி, உப்பேறிய சீமெந்துப் பூச்சைக் கொத்தி எடுத்து, சுண்ணாம்பு கூடிய பூச்சுப் போட்டு ஆற விட்டு, அதன் மேல் காவி கலந்த சுண்ணாம்பு நீர் மூன்று தரம் அடித்தார்கள். சுண்ணாம்பு ஈரத்தை அடைக்காமல் வெளியே விடும். சுவரோடு ஒட்டி இருந்த பூப்பாத்தியையும் அகற்றி, குளிக்கும் தண்ணீர் ஓடிப் போக வாய்க்கால் வெட்டினார்கள். சுண்ணாம்பு கலக்கும்போது கண்ணிலும் தோலிலும் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சாய்ந்தால் உடுப்பிலும் கொஞ்சம் ஒட்டும், அதை மறைக்க மாட்டேன். ஈரம் முற்றாக நிற்கவும் இல்லை. மாரி முடிந்ததும் ஆங்காங்கே பூக்கும், தைக்கு முன்னர் தட்டிவிட்டு ஒரு தரம் அடிப்பார்கள். செலவு ஒரு மூட்டைச் சுண்ணாம்பும் இரண்டு பேரின் ஒரு நாள் வேலையும்.

மேலே இளஞ்சந்தனம், கீழே இடுப்பளவு மஞ்சட்காவி. பிள்ளைகளின் கை அழுக்கும் அந்தக் கீழ்ப்பட்டையில் தெரியாது. பழைய பள்ளிக்கூடச் சுவர்களில் கீழ்ப்பகுதிக்கு ஏன் கடும் நிறம் அடித்தார்கள் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

சென்ற தையில் முன்வீட்டு அக்கா வந்து, அந்தக் கீழ்ப்பட்டையின் நிற இலக்கத்தைத் தரும்படி கேட்டாராம். இலக்கம் ஒன்றும் இல்லை, ஒரு வாளிச் சுண்ணாம்புக்கு மூன்று சிரட்டை காவி என்று தங்கை சொல்லியனுப்பினாள்.